எய்லர்ட்டுக்குத் தர வேண்டியது

டிசம்பர் முப்பத்தொன்று, பகல் பதினொரு மணி.
லோஃபோத்தன் தீவில் சூரியன்
கடைசியாக எழுந்து மூன்று வாரம்.
கிடங்கின் மஞ்சள் பல்புக்குக் கீழே
உப்பு காணாத கருவாட்டுக் கட்டுகளை
ஹால்டிஸ் எண்ணுகிறாள்,
கையுறையைக் கழற்றி, தொட்டு, மறுபடி மாட்டி.
ஏட்டில் நாற்பது என்றால் கைக்கும் நாற்பது தட்டுப்பட வேண்டும்.
முப்பத்தொன்பது.
மிச்சமொன்று ஏணிக்குப் பின்னால் இருந்தது,
பூனை அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தொகை ஓடுகிற படமல்ல.
ஆண்டு முழுக்க ஓடியவர்களை
ஒரே ஒரு நாள் நிற்கச் சொல்லி எடுப்பது.
யார் கண்ணை மூடியிருந்தாலும் அப்படியே விழும்.

ஒரு பக்கம், இருப்பவை.
விசைப்படகை ஆண்டுக்கொரு கடியாகத் தேய்மானம் தின்று
இப்போது அதன் மதிப்பு ஒரு குரோனர்.
அந்த ஒரு குரோனர்தான் பிப்ரவரி அலையில்
நான்கு பேரைக் கரை சேர்த்தது.
ஏட்டுக்கு அது தெரியாது.
கருவாட்டுக்கு வாங்கின விலையா, விற்கும் விலையா?
எது குறைவோ அது.
வராத லாபத்தை எண்ணாதே,
வரக்கூடிய நட்டத்தை இன்றே எண்ணிவிடு என்பது
கணக்குக்குப் பிறவியிலேயே வந்த பயம்.
மீன்தலை வாங்கிய லாகோஸ் வியாபாரி
மூன்றாண்டாகப் பதில் போடவில்லை.
அவர் பெயருக்கு நேரே வாராக்கடன்.
வாரா என்று எழுதும்போதே
யாரோ வாசலைப் பார்த்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

மறுபக்கம், இவையெல்லாம் யாருக்குச் சேரும் என்பது.
வங்கிக்கு, வலை விற்றவருக்கு, வரிக்கு,
மிஞ்சினால் ஸீவெர்ட்டுக்கு.
முதலாளியும் இங்கே கடன் கொடுத்தவர்தான்,
வரிசையில் கடைசி ஆள்.
அவர் போட்டிருக்கும் ஸ்வெட்டர் இந்த ஏட்டில் இல்லை.
காலிலிருக்கும் பூட்ஸ் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில்தான் அந்த வரி:
எய்லர்ட், 6,314 குரோனர், மார்ச் 1987.

"யார் இது?"
ஸீவெர்ட் காபி ஊற்றுகிறார்.
"கேட்டு வருவாரா?"
"மாட்டான்."
"காலாவதியான கடன். வருமானத்துக்கு மாற்றிவிடலாம்."

"எங்கள் தராசு பொய் சொல்லுது என்றான்.
அப்பா அவனைத் துறையைவிட்டே விரட்டினார்.
ஜூலையில் தராசு பழுதுபார்க்க வந்த ஆள்
நூறு கிலோவுக்கு நாலு கிலோ விழுங்குகிறதே என்றார்.
ஆனால் முள் நேராகத்தான் நின்றது,
கடைசி வரைக்கும்."

ஹால்டிஸ் கூட்டிப் பார்க்கிறாள்.
இடது 4,18,77,205. வலது 4,18,77,205.
முள் நேராக நிற்கிறது.

பற்றெழுதினால் வரவெழுத வேண்டும்,
தனியாக எதுவும் அழியாது.
எய்லர்ட்டை இங்கே அடித்தால்
அங்கே லாபம் கூடும், 6,314,
யாரும் ஒரு மீன்கூடப் பிடிக்காமல்.

அவளுக்குப் பிடிக்காத விதி ஒன்றுண்டு:
படிக்கிறவர் முடிவை மாற்றாத சிறு தொகையைக்
கிளற வேண்டியதில்லை.
எத்தனையோ கம்பெனிகள் அதன் நிழலில்
என்னென்னவோ ஒளித்ததைப் பார்த்திருக்கிறாள்.
தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறாள்:
முக்கியமற்றது. அப்படியே விடலாம்.

எதிரே உட்கார்ந்து அதைத் தலைகீழாகப் படித்த ஸீவெர்ட்
ஒன்றும் சொல்லவில்லை.
அவள் தட்டில் இன்னொரு ரொட்டித் துண்டு வைத்தார்.
அதற்கு ரசீது கிடையாது.

போடோவுக்குப் படகு நாளை மதியம்.
சீட்டை இன்றே வாங்கியாயிற்று.
பணம் இந்த ஆண்டு போனது,
பயணம் அடுத்த ஆண்டுடையது,
அதனால் இன்றிரவு பன்னிரண்டு வரை
அது செலவாகாது, சொத்து.
செலவு என்றால் பழந்தமிழில் புறப்பட்டுப் போதல்.

கோட்டுப் பையில் இருக்கிறதா என்று
கையுறையைக் கழற்றித்
தொட்டுப் பார்க்கிறாள்.
ஒன்று.